தாழிட்ட அறையில் தொலைந்த குடை

அத்தியாயம் ஒன்பது

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று கோர்ட்டில் நிரூபிப்பதாக இருந்தார்கள். அதற்கு வேண்டிய வேலையில் பாதியை முந்தின நாள் மதியமே நான் செய்து கொடுத்துவிட்டேன். நான் அந்தப் பெண்ணின் தரப்பு ஆள் என்பதை இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பில் இருந்திருந்தால் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

துப்பறிவாளர் என்று போர்டு மாட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் டவாலி. வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற ஆள். படிப்பு அஞ்சாவது வரைக்கும். அந்த வேலைக்குத் தொண்டை போதும். தினமும் காலையில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ என்பதைக் கேட்டு, அதற்கப்புறம் அவர்கள் சொன்னதையும் கேட்டதில், மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை என்று யாராவது சொன்னால் காலண்டரைப் பார்ப்பேன். அது எந்த வருஷத்துக் காலண்டர் என்றும் பார்ப்பேன்.

என் உதவியாளர் என் மருமகள். பதினாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில். ஸ்கூட்டர் அவளுடையது, செல்போன் அவளுடையது, மூளையும் அவளுடையதுதான் என்று சொல்லிக்கொள்வாள். பின்சீட்டு மட்டும் என்னுடையது.

வக்கீலம்மாவின் அறையில் மூன்று நாற்காலி. நாங்கள் நான்கு பேர். நான் ஃபைல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்தப் பெண். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் பார்வை சோதிப்பவள். ஒரு நாள் கடை மூடுகிற நேரத்தில் மேலாளர் பரிசோதனை அறைக்குள் வந்து கதவை உள்பக்கம் தாழிட்டான். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அவள் ஒருமுறை சொன்னாள், வக்கீலம்மா எழுதிக்கொண்டார், அது போதும்.

சிக்கல் தேதியில் இருந்தது. சம்பவம் நடந்து பன்னிரண்டாம் நாள் அவள் புகார் கொடுத்ததாகப் போலீஸ் காகிதம் சொன்னது. பத்தாம் நாள் அவளை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். வேலை போன கோபத்தில் கட்டிய கதை, இதை வாசலிலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று மேலாளரின் வக்கீல் மனுப் போட்டுவிட்டார். அந்த மனு மறுநாள் விசாரணைக்கு வருகிறது. தள்ளுபடியானால் மேலாளர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிடுவான். அவள் கடைசி வரைக்கும் பொய் சொன்னவளாகவே இருப்பாள்.

“நான் மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போனேன்” என்றாள் அந்தப் பெண்.

“நீ வரவே இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுத்திருக்காங்களே?”

“போனேன்.”

“அங்க கேமரா இருக்குமே?”

“ரிப்பேராம்” என்றார் வக்கீலம்மா.

“எப்போலேர்ந்து?”

“திறப்பு விழாவுலேர்ந்து” என்றாள் என் மருமகள்.

நான் அந்தப் பெண்ணை விடவில்லை. “போனேன்னா அத்தாட்சி வேணுமில்ல? ஒரு ரசீது, ஒரு துண்டுச் சீட்டு?”

“வாசல்ல மனு எழுதறவர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தாரு. எனக்குக் கை நடுங்கிட்டே இருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கவுண்டர்ல முத்திரை குத்திச் சீட்டு கொடுத்தாங்க.”

“அந்தச் சீட்டு எங்க?”

“பஸ்ல உக்காந்து படிச்சேன். கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“ஏன்?”

அவள் மேஜைக் கண்ணாடியையே பார்த்தாள். “அதுல இருந்தது என் விஷயம் இல்லை. வேற எதுவும் கேக்காதீங்க.”

எதையோ மறைக்கிறாள். முப்பத்தொரு வருஷ மூக்கு எனக்கு. மறைக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை, நான் நினைத்தது சரிதான். மறைத்தது என்ன என்பதில்தான் தவறிவிட்டேன். என் தொழில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இதையே சொல்லிவிடலாம்.

வக்கீலம்மா என்னைப் பார்த்து முறைத்தார். “பொண்ணு வந்து வாயால சொன்னாலே எழுதிக்கணும்னு சட்டம் சொல்லுது. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு கேக்கக்கூடாது. நாளைக்கு வான்னு சொல்லக்கூடாது. எழுத மறுத்தா அந்த அதிகாரிக்கே தண்டனை உண்டு.”

“சட்டம் நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றாள் மருமகள். “அது புத்தகத்துல இருக்கு. புத்தகம் பீரோவுல இருக்கு. பீரோ சாவி இன்ஸ்பெக்டர் இடுப்புல இருக்கு.”

“சாயங்காலத்துக்குள்ள அவ அன்னைக்குப் போனதுக்கு ஒரு அத்தாட்சி எனக்கு வேணும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க ஐயா, இவ பேரை எங்கயும் வாய் விட்டுச் சொல்லக்கூடாது. அதுவும் சட்டம்.”

தலையாட்டினேன். இந்தச் சட்டம் எனக்குத் தெரியும். நான் வேலையில் இருந்தபோதே அது இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு வழக்கில் ஒரு பெண்ணின் பேரை வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் அதிரும்படி மூன்று தடவை கூப்பிட்டேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கேட் வரைக்கும் வந்தவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ஆஜராகவில்லை என்று வழக்கு முடிந்தது. அன்று சாயங்காலம் என் குரல் வளத்தை ஹெட் கிளார்க் பாராட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன்.

மனு எழுதுகிறவர் ஸ்டேஷனுக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே மடியில் பலகை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

“டவாலி அண்ணே, இன்னும் உயிரோடவா இருக்கீங்க?”

“எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். தம்பி, நீ எழுதற மனுவுக்கெல்லாம் கார்பன் நகல் வெச்சிருப்பியே?”

“வெச்சிருப்பேன். நகலைத் தொலைச்சிட்டு ஜனங்க மறுபடி வருவாங்க.”

மருமகள் தேதியைச் சொன்னாள். “காலையில ஒரு பொண்ணு வந்திருப்பாங்க. பேரு சொல்ல மாட்டோம். கை நடுங்கிட்டே இருந்திருக்கும்.”

அவர் மாத வாரியாகச் சணல் கட்டிய கட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. உடனே அதைத் தாண்டி நாலு தாளைச் சேர்த்துத் தள்ளினார். “அன்னைக்கு அப்படி யாரும் வரலை.”

யாரையும் நம்பாததில் ஒரு லாபம் உண்டு. கட்டைப் பிடுங்கி அந்தத் தாளைத் திருப்பினேன். அந்தப் பெண்ணின் கையெழுத்துக் கோணல்மாணலாக நகலிலும் இறங்கியிருந்தது. விரல் வைத்துப் படித்தேன். எனக்கு அப்படித்தான் படிக்க வரும். ‘கீழே கையொப்பமிட்டுள்ள எனக்குச் சொந்தமான பழுப்பு நிறக் குடை ஒன்று...’

அங்கேயே விரலை எடுத்துவிட்டேன்.

“குடையா? அவ குடை தொலைஞ்சுதுன்னா இங்க வந்தா?”

“வந்தவங்க சொல்றதை நான் எழுதறேன். அவ்வளவுதான் அண்ணே.” வாய் என்னிடம் பேசியது. கண் ஸ்டேஷன் வாசலில் இருந்தது. “அதைக் கொடுத்துடுங்க. எதிரே பார்த்துட்டாங்கன்னா நாளைக்கு இந்தத் தகரம் இங்க இருக்காது.”

கட்டை வாங்கிக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அதற்குள் மருமகள் அந்தத் தாளைச் செல்போனில் படம் எடுத்திருந்தாள். ஆனால் முத்திரை இல்லாத நகலைக் கோர்ட் தொட்டுக்கூடப் பார்க்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். போனில் பேசும்போதும் நான் வராந்தாவின் கோடிக்குத்தான் பேசுவேன்; தொண்டைக்கு அது பழகிவிட்டது.

“வக்கீலம்மா, உங்க கட்சிக்காரி அன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போனது உண்மை. கண்ணாடிக் கடைக் கேசுதான் சொல்றேன். ஆனா போனது எதுக்குத் தெரியுமா? குடையைக் காணோம்னு எழுதிக் கொடுக்க. முத்திரை குத்தித் தொலைந்த பொருள் ரிஜிஸ்தர்ல ஏத்தியிருப்பாங்க. நான் அப்பவே நினைச்சேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். வேகமாகப் போனார்.

“மாமா, இப்போ போனாரே, அவர் யாருன்னு தெரியுதா?”

“தெரியலையே.”

“மேலாளரோட வக்கீலுக்குக் குமாஸ்தா. காலையில கோர்ட் வாசல்ல ஃபைல் தூக்கிட்டு நின்னாரு. பேரைத்தான் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க, மத்ததையெல்லாம் சொல்லிட்டீங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருந்தா போன் செலவே மிச்சமாயிருக்கும்.”

டீயைக் குடித்தேன். ருசி தெரியவில்லை. ‘மறுநாளே போலீசுக்குப் போனவள், குடையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்’ என்று நாளைக்கு அவர்கள் வாதம் செய்தால் வழக்கு அதோடு முடிந்தது. அன்று அவள் போகவே இல்லை என்பதைவிட இது மோசம். தேடிப் போன அத்தாட்சியைச் சுருக்குக் கயிறாகத் திரித்து எதிராளி கையில் கொடுத்திருந்தேன்.

“விடும்மா. அவ குடையைத்தானே தொலைச்சா. நாம என்ன பண்றது?”

மருமகள் செல்போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மழை பெஞ்சு எத்தனை மாசமாச்சு மாமா?”

“நாலு மாசம் இருக்கும்.”

“பதினாலு வருஷம் பஸ்ல இருந்தேன். அதிகமாத் தொலையறது குடைதான். தொலைச்சவங்க டிப்போவுக்கு வருவாங்க. போலீசுக்கு ஒருத்தர்கூடப் போனதில்லை. வந்து என்ன சொல்லுவாங்க தெரியுமா? ‘ஒரு கம்பி வளைஞ்சிருக்கும்’ம்பாங்க. ‘கைப்பிடியில சிவப்பு நூல் சுத்தியிருக்கும்’பாங்க. ‘எங்க பெரியம்மா கொடுத்தது, ராசியான குடை’ம்பாங்க. குடை திரும்பிக் கிடைக்கணும்னு நினைக்கறவங்க அடையாளம் சொல்லாம இருக்க மாட்டாங்க. இதுல என்ன இருக்கு? பழுப்பு நிறக் குடை ஒன்று. அவ்வளவுதான். இது யாரோட குடையும் இல்லை.”

“அப்போ?”

“அதுக்குக் கீழ படிச்சீங்களா?”

“குடை வரைக்கும் படிச்சேன்.”

“அதான பார்த்தேன். நமக்கு வேண்டியது வந்ததும் இறங்கிட்டீங்க. ஸ்டாப் இன்னும் இருக்கு.” அவள் படித்தாள். “ ‘தொலைந்த இடம்: கண்ணாடிக் கடை, பரிசோதனை அறை, உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. நேரம்: இரவு எட்டேகால். எடுத்தவர்: கடை மேலாளர். நேரில் அடையாளம் காட்ட இயலும். நான் கொடுக்கவில்லை.’ ”

டீக் கிளாஸைக் கீழே வைத்தேன்.

“தாழ்ப்பாள் போட்ட அறையில, எடுத்தவன் எதிரிலேயே நிக்கும்போது, குடை எப்படி மாமா தொலையும்?”

எழுந்து சட்டையை உதறிக்கொண்டேன். தூசி இல்லை. ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

“வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்” என்றாள். “எனக்கும் குடை தொலைஞ்சிருக்கு.”

ஸ்டேஷன் கவுண்டரில் ஒரு பெண் காவலர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் தடித்த ரிஜிஸ்தர் ஒன்று. ‘தொலைந்த பொருட்கள்’ என்று அட்டையில் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் அறையில் மின்விசிறி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

“ஒரு பொருள் தொலைஞ்சு போச்சு மேடம்.”

“என்ன பொருள்?” அவர் நிமிரவில்லை.

“குடை.”

“என்ன கலரு?”

“பழுப்பு.”

பேனா நின்றது. அந்த அம்மாள் நிமிர்ந்து என் மருமகளைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் இருந்தேன். கொலை செய்தவனைக்கூட யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“இவர் யாரு?”

“என் மாமனார்.”

“எங்க தொலைஞ்சுது? வீட்டுலயா?”

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை. “ஆமாம்மா, வீட்டுல எல்லாமே தொலையும், போன வாரம் என் செருப்பே...” என்று உதவிக்குப் போனேன்.

“ஐயா, நீங்க வெளியில போய் நில்லுங்க.” மரியாதையான வார்த்தைகள்தான். கை லத்திப் பக்கம் போயிருந்தது. மருமகளுக்கு நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. எனக்கு வாசல் வந்தது.

வெயிலில் நிற்கும்போது மெல்லப் புரிந்தது. அறுபத்துநாலு வயதில் குடைத் திருடனாகிவிட்டேன். முதலில் கோபம் வந்தது. என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று நினைத்தேன். அப்படிப்பட்டவன் எப்படித் தெரிவான் என்று யோசித்துப் பார்த்தேன். மேலாளரின் படத்தை ஃபைலில் பார்த்திருந்தேன். என்னைவிட லட்சணமாகத்தான் இருந்தான்.

அரைமணி கழித்து மருமகள் வந்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

“உண்மையைச் சொல்லிட்டேன். அந்தம்மா அழுதுட்டாங்க, அப்புறம் ரிஜிஸ்தரைக் காட்டினாங்க. ஒன்பது வருஷமாம் மாமா. இந்த மாதிரிப் புகார் வந்தா இன்ஸ்பெக்டர் மாறி மாறி வந்தாலும் அதே பதில்தான். ‘கல்யாணம் ஆகணுமே, யோசிச்சு வாம்மா. வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வாம்மா.’ எழுத மாட்டாங்க. எழுதினாலும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுவாங்களாம். அதனால இவங்களும் எதிர்ல மனு எழுதறவரும் சேர்ந்து ஒரு வழி பண்ணியிருக்காங்க. தேதி, நேரம், இடம், ஆளு எல்லாம் நிஜம். பொருள் மட்டும் குடை. என்னைக்காவது ஒருத்தி கோர்ட்டு வரைக்கும் போனா, அன்னைக்கே வந்தான்னு முத்திரையோட ஒரு வரி இருக்கட்டும்னு.”

“அதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலையா?”

“சொல்றதுக்குள்ள இன்ஸ்பெக்டர் வந்துட்டாராம். இந்தப் பொண்ணு வெளியே எழுந்து போயிடுச்சு. பஸ்ல படிச்சுப் பார்த்தா குடைன்னு இருக்கு. தன்னைக் கேலி பண்ணிட்டாங்கன்னு நினைச்சுக் கிழிச்சிருக்கு. நாம கேட்டா எப்படிச் சொல்லும்?”

“எத்தனை குடை இருக்கு?”

“இருபத்தாறு.”

நான் நாலு தடவை கேட்டிருப்பேன். நாலு தடவையும் இருபத்தாறு என்றுதான் சொன்னாள்.

“அந்த ரிஜிஸ்தரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரணும்.”

“அவங்க தூக்கிட்டு வந்தா திருட்டு. கோர்ட் உத்தரவு வேணும். நம்ம வக்கீலம்மா மனுப் போட்டா இருபத்தாறு பக்கமும் ராத்திரியோட காணாமப் போயிடும். ஏன் கேக்கறாங்கன்னு இன்ஸ்பெக்டர் யோசிப்பாரில்ல?”

ஆறு மணி வரைக்கும் வக்கீலம்மாவின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஆறேகாலுக்கு அவருடைய போன் அடித்தது. கேட்டார். வைத்தார். எங்களைப் பார்த்தார்.

“எதிர்த்தரப்புல அவசர மனு கொடுத்திருக்காங்க. ஸ்டேஷனோட தொலைந்த பொருள் ரிஜிஸ்தர் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரணுமாம். ஜட்ஜ் உத்தரவு போட்டுட்டாரு. இன்ஸ்பெக்டர் அந்த ஒரு பக்கத்துல அடையாளம் வெச்சு, ரிஜிஸ்தரை உறையில போட்டு சீல் வெச்சுக் கொடுத்தாச்சாம், சந்தோஷமா. அவங்களுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?”

நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

“எங்க ஆபீஸ்ல ஒரு ஒலிபெருக்கி இருக்கு மேடம்” என்றாள் மருமகள். “தானாவே ஆன் ஆயிடும்.”

என் துப்பறியும் வாழ்க்கையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அந்த வாய்க்கொழுப்புதான். சாமர்த்தியம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

மறுநாள் கோர்ட்டில் கதவைச் சாத்திவிட்டு விசாரணை. வக்கீலம்மாவின் ஃபைல்களைத் தூக்குகிறவர்கள் என்று சொல்லி நானும் மருமகளும் உள்ளே ஓரமாக நின்றோம். அந்தப் பெண் முதல் பெஞ்சில் இருந்தாள். ராத்திரியே அவளுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. கைகள் நடுங்கவில்லை, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

மேலாளரின் வக்கீல் ரிஜிஸ்தரைத் திறந்து இனிப்புப் பெட்டியைத் திறந்தவர் மாதிரி சிரித்தார்.

“மாண்புமிகு நீதிபதி அவர்களே, சம்பவம்னு சொல்றாங்களே, அதுக்கு மறுநாள் இவங்க போலீசுக்குப் போனது உண்மை. போய் என்ன சொன்னாங்க? ‘பழுப்பு நிறக் குடை ஒன்று.’ ” புத்தகத்தை மூடினார். “இதுக்கு மேல நான் வாதாட ஒண்ணுமில்லை.”

வக்கீலம்மா எழுந்தார். “அந்தப் பதிவை முழுசாப் படிக்கச் சொல்லணும் ஐயா. பாதியில நிறுத்திட்டார்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் விரலை எடுத்த அதே இடத்தில்தான் அவரும் எடுத்திருந்தார். அவர் எவ்வளவோ படித்தவர்.

ஜட்ஜ் ரிஜிஸ்தரைத் தன்னிடம் வாங்கிப் படித்தார். இடம், தாழ்ப்பாள், நேரம், எடுத்தவர். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். “ ‘நான் கொடுக்கவில்லை.’ ” மேலாளரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாமாகவே பக்கங்களைப் பின்னால் புரட்ட ஆரம்பித்தார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

“இன்ஸ்பெக்டர், உங்க எல்லையில இத்தனை பழுப்புக் குடை தொலைஞ்சிருக்கே. ஒண்ணாவது கிடைச்சுதா?”

“விசாரணையில இருக்கு ஐயா.”

“இதைப் பதிஞ்சது யாரு?”

கதவோரம் நின்ற பெண் காவலர் முன்னால் வந்தார். “நான்தான் ஐயா.”

“குடைன்னு ஏன் எழுதினீங்க?”

“வேற எதை எழுதினாலும் பக்கம் கிழிஞ்சு போயிடும் ஐயா. குடையை யாரும் கிழிக்கறதில்லை.”

இன்ஸ்பெக்டரின் தொப்பி கையில் இருந்தது. அதை ஒரு சுற்றுச் சுற்றினார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ரகசியம் காக்க வராது என்பது உங்களுக்கே தெரியும். தள்ளுபடி கேட்டவர்களின் மனுவே தள்ளுபடியானது. அந்தப் பெண் மறுநாளே புகார் கொடுத்தாள் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. வழக்கு நடக்கும். வழக்கு ஆரம்பிப்பதற்கே இவ்வளவு என்றால் முடிவதற்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெண் காவலருக்கு மதியமே வேலை நீக்க உத்தரவு வந்தது. சாயங்காலமே ஜட்ஜ் அதை நிறுத்தி வைத்தார். அந்தப் பெண் வெளியே வந்து என்னிடம் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய கடன் என்னுடையது. “உன்னை நான் நம்பலைம்மா” என்றேன். “தெரியும். உங்க மூஞ்சியிலேயே பெரிய எழுத்துல எழுதியிருந்தது” என்றாள். நியாயம்தான். எழுத்துப் படிப்பது அவள் தொழில்.

என் மனசில் நிற்பது இதெல்லாம் இல்லை. நடுவில் நடந்த ஒன்று.

உத்தரவு போடும் முன் ஜட்ஜ், இருபத்தாறு பதிவுகளையும் வாசித்துக் கோர்ட் ஆவணத்தில் ஏற்றச் சொன்னார். “பேர் வேண்டாம். தேதி, வேலை, இடம் மட்டும்.” கிளார்க் எழுந்து படித்தார். ஒன்று, ஆசிரியை, பள்ளி ஆய்வகம். இரண்டு, வேலை இல்லை, வீடு. மூன்று, மாணவி, வீடு. நான்கு, நர்ஸ், மருந்து வைக்கும் அறை. ஐந்து, வீடு. ஆறு, வீடு. அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவருக்குக் கீழே டைப்பிஸ்ட் அம்மாள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார். அந்த விசைகளின் சத்தம் எனக்குப் பழக்கம். பதினோரு வருஷம் அதற்குப் பத்தடி தள்ளி நின்றிருக்கிறேன்.

“ஒன்பது” என்றார் கிளார்க். தேதியைப் படித்தார். ஏழு வருஷத்துக்கு முந்தின தேதி. “வேலை, தட்டச்சு. இடம், அலுவலகப் பதிவறை.”

விசைச் சத்தம் நின்றது.

யாரும் கவனிக்கவில்லை. வக்கீல்கள் ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்தேன். அந்த அம்மாளின் பத்து விரலும் விசைகளின் மேல் அப்படியே இருந்தன. முகம் காகிதத்தின் பக்கம்.

அந்த வருஷம் அவர் இருபது நாள் லீவு போட்டார். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார். அது பொய் என்று மோப்பம் பிடித்துக் கேன்டீனில் நாலு பேரிடம் சத்தமாகச் சொன்னவன் நான். சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். காய்ச்சல் இல்லைதான்.

மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ தெரியாது. கேலியாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜட்ஜ் நிமிர்ந்தார். “என்னம்மா, மெஷின்ல கோளாறா? ஏத்தியாச்சா?”

விரல்கள் அசைந்தன. ஒரு வரி. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. கடைசியில் ஒரு புள்ளி. அந்த அம்மாள் காகிதத்தை ஒரு வரி மேலே நகர்த்தினார்.

“ஏத்தியாச்சு ஐயா. அடுத்ததைப் படிக்கச் சொல்லுங்க.”